தோப்பில் மட்டும் வந்த கோளாறு

ராஜபாளையத்தில் அந்த சர்வீஸ் சென்டருக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, இறங்கி, கதவையும் சாத்திவிட்டேன். கையில் டேப்லெட்டோடு நின்ற ஆள் அதற்குப் பிறகும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். “சார் வரலையா மேடம்?” என்றான். சார் வரவில்லை. சார் நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். சாருக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது, வாரத்தில் மூன்று நாள் அவர் ரத்தத்தை மெஷினில் விட்டுக் கழுவுகிறார்கள், அவரைக் கொண்டுவந்து விட்டுத் திரும்பக் கூட்டிப்போவது நான்தான், அதுவும் இந்த வண்டியில்தான். இத்தனையையும் அவன் முகத்துக்கு நேராகக் கொட்டியிருப்பேன். பொறுத்துக்கொண்டேன். “ஓட்டுறது நான். கோளாறு என்னன்னு என்கிட்டக் கேளுங்க” என்றேன்.

“ஃபோர் வீல் வேலை செய்யலைன்னு புக் பண்ணிருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு மேடம் ஃபோர் வீல்? நம்ம ஊர்ல சும்மா பந்தாவுக்குத்தான எல்லாரும் வாங்குறாங்க” என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தாவாம் பந்தா! எங்கள் தோப்பு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. தென்னையும் மாவும். வீடும் தோப்புக்குள்தான். வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. வருடத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்துவிட்டால் முழங்கால் தண்ணீர் ஓடும். பாலம் கட்டித் தருகிறேன் என்று சொல்லாத ஆள் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து ஓடையை அளந்து பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் இளநீரும் குடித்துவிட்டுப் போவார். சாதாரணக் கார் அந்த மணலில் இறங்கினால் அச்சு வரைக்கும் புதைந்துபோகும். அதற்காகத்தான் நாலு சக்கரமும் இழுக்கிற இந்தப் புது வண்டியை வாங்கினோம். கியருக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு சுவிட்ச். சாதாரணமாகப் பின் சக்கரம் ரெண்டும்தான் வண்டியைத் தள்ளும். சுவிட்சைத் திருப்பினால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும், முன்னால் ஒரு பச்சை விளக்கு நிலையாக எரியும். அந்த விளக்கு எரிந்தால் ஓடையில் இறங்கலாம். எரியாவிட்டால் இந்தக் கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஒரு தடவை தவறினால் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். அடுத்ததும் தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், அதற்கப்புறம் கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்லை. ஆக, அந்தப் பச்சை விளக்கு எரியாமல் போனால், ஓடையில் நாலு நாள் தண்ணீர் நின்றாலே போதும், என் புருஷன் செத்துப்போவார். இதை டேப்லெட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

“ஆத்தைக் கடக்கணும்” என்று மட்டும் அவனிடம் சொன்னேன். ஓடை என்று சொன்னால் அதற்கும் சிரிப்பான் என்று பயம்.

கோளாறு தொடங்கியது ஆயுத பூஜை முடிந்த மறுநாள். மழைக்கு முன்னால் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று காய்ந்த ஓடை மணலில் வண்டியை இறக்கி, சுவிட்சைத் திருப்பினேன். பச்சை விளக்கு நிலையாக எரியவில்லை. கண் சிமிட்டுகிற மாதிரி விட்டுவிட்டு எரிந்தது. கூடவே ‘ஃபோர் வீல் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை. வண்டியை எடுத்துப் பார்த்தேன். பின் சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றி மணலை வாரி இறைத்தது, வண்டி ஒரு முழம் கீழே இறங்கியது. தென்னை மட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, வியர்த்து விறுவிறுத்து, ஒருவழியாகப் பின்னால் எடுத்தேன். அவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?” என்றேன்.

“புது வண்டி. எல்லாம் கம்ப்யூட்டரு. நமக்கு என்னத்தத் தெரியும்?” என்றார்.

இதைச் சொன்னவர் யார் தெரியுமா? பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் வண்டி மெக்கானிக். மலை முகட்டில், பனிக்குள் நின்றுபோன லாரிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மனிதர். ஓய்வு பெற்று வந்த பிறகும் மகாராஜபுரம் வரைக்கும் டிராக்டர் நின்றுபோனால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்தப் பல் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுகிறவர், நமக்கு என்னத்தத் தெரியும் என்கிறார். நோய் மனிதனை இப்படி ஆக்கிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

நோய் அவரிடம் நிறையத்தான் பிடுங்கிக்கொண்டது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். தோப்பு முழுக்கத் தென்னை நிற்கிறது, இளநீர் அவருக்கு ஆகாது. சித்திரையில் மரம் மரமாக மாம்பழம் தொங்குகிறது, அதுவும் ஆகாது. ஏதோ உப்பு ரத்தத்தில் ஏறி நெஞ்சை நிறுத்திவிடுமாம். நான் அசந்த நேரம் பார்த்து ஒருநாள் இளநீரைச் சீவிக் குடித்துவிட்டார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. ரத்தம் கழுவும் மெஷினில் மாட்ட ஊசி குத்திக் குத்தி அவருடைய இடது கை முண்டும் முடிச்சுமாக இருக்கும். அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது, அதன் மேல் சாய்ந்து படுக்கவும் கூடாது. ஊசிக்குப் போகிற நாள் காலையில் மட்டும் என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். கோபத்தில் ரெண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை.

இதற்கு நடுவில் என் நாத்தனார். இவருடைய அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் இருக்கிறார். நாள் தவறாமல் போன் வரும். வானம் கொஞ்சம் மூட்டம் போட்டால் ரெண்டு தடவை வரும்.

“எந்தம்பியக் காட்டுல கொண்டுபோய் வச்சிருக்கியே, மழ வந்தா என்னட்டி பண்ணுவ? அவன் உசுரு போனாலும் பரவால்ல, தேங்காய்க்குக் காவல் இருக்கணும் உனக்கு!”

“மதினி, டவுனுக்கு வரமாட்டேங்குறது உங்க தம்பிதான். நான் இல்ல.”

“பொண்டாட்டி சரியா இருந்தா வரமாட்டானா?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அக்காவை ஒரு வார்த்தை தடுக்கவில்லை. டவுனில் வாடகை வீடு பார்த்து அவரைக் கொண்டுபோய் வைத்தவளே நான்தான். அங்கே சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, விடிந்ததும் பஸ் ஏறி ஆள் தோப்புக்கு வந்துவிடுவார். கடைசியில் நான்தான் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் வந்தேன். ஆனால் ஊரில் என்ன பேச்சு? புருஷனைக் காட்டில் போட்டு வைத்திருக்கிறாள் என்று பேச்சு. உறவுக்காரர் ஒருவரின் கல்யாணப் பந்தியில், எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டே இதைச் சொன்னார்கள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஊசி நாளில் அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால் நாலு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வண்டியைக் காட்டிவிடலாம் என்று முந்தின நாளே அவரிடம் சொன்னேன். “போ, போய்க் காட்டு” என்றார். மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினால் எச்சரிக்கையைக் காணோம். சுவிட்சைத் திருப்பினேன், பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் பல்வலி நின்றுபோகுமே, அந்த மாதிரி. இருந்தாலும் விடக்கூடாது என்றுதான் அந்த டேப்லெட்காரனிடம் போய் நின்றேன்.

அவன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். “கியர் பெட்டிக்குப் பின்னாடி ஒரு குட்டி மோட்டார் இருக்கும் மேடம். அதுதான் முன் வீலைச் சேர்த்து விடுறது. அதுக்குக் கரண்ட் போகாம இருந்ததா பழைய ரெக்கார்டு இருக்கு. இப்ப எல்லாம் ஓகே” என்றான். அந்த ரெக்கார்டை அழித்தான். பின்பக்கம் இருந்த மண் தரையில் ஓட்டிக் காட்டினான். நாலு சக்கரமும் இழுத்தது. அதோடு விட்டானா? என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, சுவிட்சை எப்படித் திருப்புவது என்று பாடம் எடுத்தான். “மெதுவா மேடம். டிவி வால்யூம் மாதிரி டக்குனு திருப்பக் கூடாது.” அங்கே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவள். இவன் எனக்கு வால்யூம் சொல்லிக்கொடுக்கிறான்.

வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினால் பழையபடி எச்சரிக்கை, கண்சிமிட்டல். நான் ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினேன்.

ரெண்டாவது தடவை போனேன். அன்றைக்கும் காலையில் கோளாறு மாயமாக மறைந்துவிட்டது. இந்த முறை செல்போனில் அந்தக் கண்சிமிட்டலைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விட்டீங்களா?” என்றான். விட்டோம். எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு வண்டியின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தைத்தான் கழுவுவார்கள். லிப்டில் தூக்கி, கீழேயிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மண் துகள் இல்லாமல் எடுத்து, துரு ஏறாமலிருக்க டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடித்துவிடுவார்கள். அதன் பிறகுதான் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம். “அங்கதான் மேடம் தப்பு. கனெக்டருக்குள்ள தண்ணி போயிருக்கும். இந்த ஊர்ல பூஜை முடிஞ்சா எங்களுக்கு ஒரு வாரம் இதே வேலைதான்” என்றான். கழற்றி, காற்றடித்து, என்னவோ மருந்து தெளித்து மாட்டினான். அதில் ஈரம் எதுவும் இல்லை என்பதையும் அவனே சொன்னான். பேட்டரியைப் பார்த்தான், நன்றாக இருந்தது. நாலு டயரும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறதா என்று அளந்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வேறு வேறு அளவில் தேய்ந்தால் கம்ப்யூட்டர் குழம்பிப்போகுமாம். அதுவும் சரியாக இருந்தது. வண்டியை ஒரு நாள் வைத்துக்கொள்கிறேன் என்றான். நோயாளியை ஆட்டோவில் ஏற்றி, ஓடை மணலில் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் வாயே திறக்கவில்லை.

மறுநாள் வண்டியை எடுக்கப் போனபோது அவன் கேட்டான்: “வீட்ல எலித்தொல்லை, அணில் ஏதாவது உண்டா மேடம்?”

“மலை அணிலுக்குன்னே சரணாலயம் வச்சிருக்குற இடத்துல குடியிருக்கேன். அணில் உண்டான்னு கேக்குறீங்க!”

“வயரு கடிபடல. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி பகலா இங்க நின்னுச்சு. அம்பது தடவை ஃபோர் வீல் போட்டுப் பாத்தேன். ஒரு தடவைகூட மக்கர் பண்ணல. வண்டியில கோளாறு இல்ல மேடம். வண்டி நிக்கிற இடத்துலதான் கோளாறு.”

நான் ஆடிப்போனேன். கல்யாணப் பந்தியில் கேட்ட அதே பேச்சு அவன் வாயிலும் வருகிற மாதிரி இருந்தது. “என் வீட்டைப் பத்தி நீ பேசாத. வண்டியை வித்ததோட உங்க வேலை முடிஞ்சுபோச்சா?” என்று ஏக வசனத்தில் கத்திவிட்டேன். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார். ஏசி போட்ட அந்த ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கப்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு. “மழை வந்து, இந்த வண்டி ஓடையில நின்னு, என் புருஷனுக்கு ஒண்ணுன்னா, தூக்கிட்டு வந்து உங்க வாசல்லதான் போடுவேன்” என்றேன். அந்த ஆள் சாவியை நீட்டினான்.

வீட்டில் அன்றைக்கு நன்றாக இருந்தது. வழக்கம்போல, அடுத்த நாள் காலையில் கண்சிமிட்டல்.

மலை உச்சியில் மேகம் இறங்கி நின்றது. வனத்துறை செக்போஸ்டில் சுற்றுலா ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள் என்று பால்காரர் சொன்னார். நாத்தனார் போனில் கடைசியாகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை ஆள்களோடு வருகிறார், தம்பியைக் கூட்டிப்போகிறார், நான் தேங்காயைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். எனக்கு வேறு வழி இருக்கிறதா என்று தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம், “நாளைக்கு ஊசிக்குப் போறப்போ வண்டியக் கொண்டுபோய் அவன் தலையிலயே போட்டுட்டு வேற ஏற்பாடு பண்ணுதேன். ஒரு முடிவு தெரியாம விடமாட்டேன்” என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றுப் பக்கம் மோட்டார் போடப் போனேன். பாதி வழியில் தூற்றல் விழுந்தது. கொடியில் அவருடைய வேட்டி காய்கிறதே என்று திரும்பி வந்தேன்.

வண்டிக்கு அடியில் ரெண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தன.

சாக்கை விரித்து அதன் மேல் மல்லாந்து படுத்திருந்தார். ஊசிக் கை அழுந்திவிடாமல் அதை மட்டும் வெளியே நீட்டி வைத்திருந்தார். வலது கை மேலே எதையோ தடவிக்கொண்டிருந்தது. மயங்கி விழுந்து உருண்டுபோய்விட்டாரோ என்று முதலில் உயிரே போய்விட்டது எனக்கு. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். கியர் பெட்டிக்குப் பின்னால், அந்தக் குட்டி மோட்டாரிலிருந்து ஒரு கனெக்டர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் பிடித்து மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் அந்த இடத்திலேயே புரிந்துபோனது. வண்டி வொர்க்‌ஷாப்புக்குப் போகிற நாள் காலையில் மாட்டுவது, வந்த மறுநாள் விடியற்காலையில் கழற்றுவது. டேப்லெட்காரன் சொன்னது சத்தியமான வார்த்தை. நான் அவர் ரெண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தேன்.

“ஏட்டி, விடு! சட்டை கிழியுது!”

“கிழியட்டும்! எந்திரிங்க. எந்திரிச்சு மூஞ்சியக் காட்டுங்க. மனுசனா நீங்க? அந்த ஆள நான் என்னென்ன பேச்சுப் பேசுனேன், நாலு பேரு முன்னாடி எப்படி நின்னேன், எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கம்முனு படுத்திருந்தீகளே! எதுக்குக் கழட்டுனீக? சொல்லுங்க, எதுக்கு?”

அவர் தரையிலேயே எழுந்து உட்கார்ந்தார். கை முழுக்கக் கரி. மூச்சு வாங்கியது. நான் விடவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“முடியலட்டி” என்றார். “கை ரெண்டா வெடிச்சுருமோன்னு இருக்கு, ஒவ்வொரு ஊசிக்கும். படுக்கணும், எந்திரிக்கணும், மறுபடி படுக்கணும். எம்புட்டு நாளைக்கு? ஓடையில தண்ணி வந்து ஒரு வாரம் மறிச்சுதுன்னா, அதோட முடிஞ்சுபோவும்.”

“வரமாட்டேன்னு என்கிட்டச் சொல்லவேண்டியதுதான? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீக?”

“சொன்னா விட்ருவியா?”

“விடமாட்டேன்!”

“விட்டேன்னு வையி. எங்கக்கா உன்னைய விட்ருவாளா? பொண்டாட்டிக்காரி கூட்டிட்டுப் போகாமக் கொன்னுட்டான்னு கேத வீட்ல, பொணத்துக்கு முன்னாடி வச்சே சொல்லுவா. காலத்துக்கும் சொல்லுவா. ஊரும் சேந்து சொல்லும். ஓடை மறிச்சுருச்சு, வண்டி மக்கர் பண்ணிருச்சுன்னா யாரு என்ன சொல்ல முடியும்? நீதான் கம்பெனிக்காரன்கிட்ட ஊரறியச் சண்ட போட்டியே. உம்மேல ஒரு சொல்லு விழாது.”

எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள்! நான் சண்டைக்காரி என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். பனிமலையில் லாரிக்கு வழி கண்டுபிடித்த மூளை, நான் பழி சுமக்காமல் அவர் சாவதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொலைவெறிதான் வந்தது. பக்கத்தில் கிடந்த சாக்கை எடுத்து அவர் மேல் வீசினேன். “நான் ஒருத்தி இங்க இருக்கேன்! உங்க அக்காவுக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து, எனக்குத் தெரியாம செத்துப்போவீகளோ? அந்த ஓடைக்குக் குடுத்த மரியாதகூட எனக்கு இல்லையா?”

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. ஒரு பெண் குரல், கம்பெனியிலிருந்து. எங்கள் சர்வீஸ் உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டது. “உங்க சர்வீஸ்ல ஒரு குத்தமும் இல்லம்மா, பத்துக்குப் பத்து. எம்புருசனுக்குத்தான் மார்க் போட முடியாது” என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

“மாட்டுங்க” என்றேன். “கழட்டுன கை மாட்டட்டும்.”

மறுபடி சாக்கை விரித்து, உள்ளே போய்ப் படுத்தார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நான் வண்டியைக் கிளப்பிச் சுவிட்சைத் திருப்பினேன். பச்சை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது.

தூற்றல் அதற்குள் மழையாகிவிட்டது. நாங்கள் கிளம்பியபோது மலைத் தண்ணீர் ஓடைக்கு வந்துவிட்டது. செம்மண் கலங்கி, சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தது. முழங்காலுக்குச் செத்தக் கீழே இருக்கும். அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நாலு சக்கரமும் இழுக்க, வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. நடு ஓடைக்கு வந்ததும் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டேன்.

தண்ணீர் அவர் பக்கத்துக் கதவில் வந்து மோதியது. அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

“இப்பச் சொல்லுங்க” என்றேன். “வேண்டாம்னா வேண்டாம்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இங்கிருந்தே ரிவர்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோறேன். இனிமே கூப்பிட மாட்டேன். உங்க அக்காவுக்கும் ஊருக்கும் நான் பதில் சொல்லிக்கிடுதேன். அந்தச் சொல்ல நான் தாங்குவேன். நீங்க சொல்லாமப் போறதத்தான் தாங்கமாட்டேன்.”

“ஏட்டி, நட்ட நடுத் தண்ணியில நிறுத்தாத. சக்கரத்துக்கு அடியில மணல அரிக்குது.”

“அரிக்கட்டும். வேணுமா, வேண்டாமா?”

“வண்டி எறங்குது, ஓட்டுங்கேன்ல!”

உண்மையில் இறங்கியது. என் பக்கத்துப் பின் சக்கரம் லேசாகத் தாழ்வது இடுப்பில் தெரிந்தது. எனக்கும் பயம்தான். இருந்தாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அவர் முன்னால் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் சிவந்துபோயிருந்தது. வலது கையால் டாஷ்போர்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

“இன்னைக்கு வேணும்! போதுமா? அடுத்த ஊசிக்கு அடுத்த ஊசியன்னைக்குக் கேளு, அன்னைக்குச் சொல்லுதேன். இப்ப ஓட்டுடி!”

காலை எடுத்தேன். சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது, பிறகு முன்பக்கம் பிடித்து இழுத்தது. கரையேறினோம். ஆஸ்பத்திரி வரைக்கும் ரெண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே போனோம். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஆள்களோடு வந்தபோது அவரே வாசலில் நின்று, “நான் வரல, எவளையும் வையாத, போ” என்று அக்காவைத் திருப்பி அனுப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

அதிலிருந்து ஒவ்வொரு ஊசி நாள் காலையிலும் வண்டியைக் கிளப்புமுன் கேட்கிறேன். வேணுமா? சில நாள் உடனே சொல்வார். சில நாள் வண்டிக்குள் உட்கார்ந்து வெகுநேரம் தென்னையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவசரப்படுத்துவது இல்லை. இதுவரைக்கும் வேணும் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒருநாள் வேண்டாம் என்பார். அன்றைக்கு நான் எஞ்சினை அணைத்துவிட்டு, அவரை வீட்டுக்குள் கூட்டிப்போய், இளநீர் கேட்டால் சீவிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்கிற நானே அதற்கும் ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன். அவருக்கும் அது தெரியும். ஒவ்வொரு தடவையும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்க்கிற அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.